புத்தகத்துக்கு ஐம்பது ரூபாய்

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். முன்பெல்லாம் கதைப் புத்தகங்களைத் தானாகவே எடுத்துப் படிப்பான். இன்னும் நிறையப் படிக்கட்டும் என்று, ஒரு புத்தகம் முடித்தால் 50 ரூபாய் தருவதாகச் சொன்னேன். ஆரம்பத்தில் நன்றாகப் பலன் கொடுத்தது. இப்போது பக்கம் குறைந்த புத்தகமாகப் பார்த்து எடுக்கிறான். பணம் இல்லை என்றால் தொடுவதே இல்லை. ஆசை காட்டு, இல்லாவிட்டால் பயம் காட்டு, மனிதனை வேலை வாங்க வேறு வழி கிடையாது என்பதுதானே மாஸ்லோவின் பிரமிடு சொல்லும் மனோதத்துவம்? அடுத்து பிரம்பைத்தான் எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பிரம்பை எடுக்காதீர்கள். ஐம்பது ரூபாயையும் நிறுத்துங்கள். மனிதத் தேவைகளை வரிசைப்படுத்திச் சொன்ன அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோவைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். நீங்கள் சொல்வதை அவர் சொல்லவில்லை.

தானாகவே படித்துக்கொண்டிருந்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்குப் பணம்? அவனிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றுக்கு விலை வைத்தீர்கள். விலை வைத்ததும் அவன் கணக்குப் போட ஆரம்பித்தான். சின்னப் புத்தகமாகத் தேடுவது சோம்பேறித்தனம் இல்லை. நீங்கள் வகுத்த விதிக்குள் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறான், அவ்வளவுதான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் பிங் நர்சரி பள்ளி என்று ஒன்று இருக்கிறது. அங்கே மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் நடத்திய ஓர் ஆய்வு 1973இல் வெளிவந்தது. விளையாட்டு நேரத்தில் தாங்களாகவே ஸ்கெட்ச் பேனா எடுத்து ஆசையாக வரையும் சின்னப் பிள்ளைகளாகப் பார்த்து 51 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மீதிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் மறுபடி பேனாக்களை வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். சான்றிதழுக்காக என்று சொல்லி வரையவைத்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். சான்றிதழுக்காக அவர்கள் வரைந்த படங்களின் தரமும் குறைவாகவே இருந்தது. சொல்லாமல் கொடுத்த பிள்ளைகளிடம் இந்தச் சரிவே இல்லை. சான்றிதழ் இரண்டு பக்கமும் ஒன்றுதான். முன்கூட்டிப் பேசிய பேரம்தான் ஆசையைக் கெடுத்தது. நீங்களும் பேரம்தான் பேசினீர்கள்.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பே எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் சோமா என்னும் கனசதுரப் புதிர்க் கட்டைகளைக் கொடுத்துச் சோதித்திருந்தார். விடுவித்த புதிருக்கு ஒரு டாலர் வீதம் வாங்கியவர்கள், பணம் நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் கட்டைகளைச் சீண்டுவது குறைந்தது. நன்றாகச் செய்தாய் என்ற பாராட்டு மட்டும் கேட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

எல்லா உளவியலாளர்களும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பரிசால் இவ்வளவு கெடுதல் வருவதில்லை என்று ஜூடி கேமரனும் டேவிட் பியர்ஸும் 1994இல் வாதிட்டார்கள். டெசி குழுவினர் 1999இல் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பிடித்த வேலைக்கு முன்கூட்டியே பொருளாகப் பரிசு பேசினால் ஆர்வம் குறையத்தான் செய்கிறது என்று பதில் தந்தார்கள். பிடிக்காத, அலுப்பான வேலைக்குப் பரிசு தந்தால் இந்தக் கேடு வருவதாகத் தெரியவில்லை. ஆகவே வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய ஒரு ஐஸ்கிரீம் என்றால் நான் குறுக்கே வர மாட்டேன். உங்கள் மகனுக்குக் கதைப் புத்தகம் அந்த வகை வேலையாக இருக்கவில்லை.

இனி மாஸ்லோ. 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிடு படமே கிடையாது. அது பின்னால் நிர்வாகப் பாடநூல்கள் பரப்பியது. உடலின் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு என்று வரிசை சொன்னவர், அது இறுகிய வரிசை இல்லை என்றும் அதே கட்டுரையில் எழுதினார். உச்சியில் அவர் வைத்தது, தனக்குள் இருக்கும் திறமைக்கு உயிர் கொடுக்காமல் மனிதனால் அமைதியாக இருக்க முடியாது என்பதை. ஆசை காட்டியோ பயம் காட்டியோ வாங்க முடியாத இயல்பு மனிதனுக்கு உண்டு என்று சொன்னவரைப் போய் நீங்கள் பிரம்புக்குத் துணையாக அழைக்கிறீர்கள்.

பள்ளியில் சோறு போட்டதும் ஆசை காட்டியதுதானே என்று கேட்கலாம். காமராஜர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திலும் சரி, 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவிலும் சரி, பாடம் ஒப்பித்தால்தான் சோறு என்று யாரும் சொல்லவில்லை. முதல் மார்க் வாங்கியவனுக்கும் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் ஒரே சோறு. படிக்க விடாமல் தடுத்த பசியை அது அகற்றியது. படித்ததற்குக் கூலி தரவில்லை. இந்த வித்தியாசம் பெற்றோருக்கு மிக முக்கியம்.

பிரம்பைப் பற்றியும் கேட்டீர்கள். ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் 1920இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளை எலியைக் கண்டு பயப்படாத ஒரு கைக்குழந்தை எலியைத் தொடப்போகும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டில் ஓங்கி அடித்தார்கள். கொஞ்ச நாளில் சத்தம் இல்லாமலே, எலியைப் பார்த்ததும் குழந்தை அழுதது. முயலைப் பார்த்தும் அழுதது. கொடுமையான சோதனை, இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. ஒரே ஒரு குழந்தையிடம் செய்தது என்பதால் அதை வைத்து எல்லாவற்றையும் நிறுவிவிடவும் முடியாது. ஆனால் பயம் அடித்த கையோடு நிற்காமல் பக்கத்தில் இருந்த பொருளிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் உறுதிப்படுத்தின. உங்கள் வீட்டில் பிரம்புக்குப் பக்கத்தில் இருக்கப்போவது புத்தகம்.

என்ன செய்யலாம்? எந்தப் புத்தகம் என்பதை அவனே முடிவு செய்யட்டும். காமிக்ஸ் எடுத்தாலும் கிரிக்கெட் பற்றி எடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள். பாதியில் மூடிவைத்தால் விசாரணை வேண்டாம். படித்ததைப் பற்றி அவனே பேச வந்தால், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். சில வாரம் அவன் எதையும் தொடாமலே இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். இதுவரை படித்து முடித்ததற்குப் பணம் பாக்கி இருந்தால் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். இனிமேல் கிடையாது என்பதையும், ஏன் என்பதையும் அவனிடம் நேராகச் சொல்லுங்கள்.