நூறு வரை சொல்லும், நாலு எடுக்கத் தெரியாது: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையில் இருந்து ஒரு அம்மா: டீச்சர், மகளுக்கு நாலு வயது. இருபது வரை கடகடவென்று சொல்கிறாள். நாலு கரண்டி எடுத்து வா என்றால் கைக்கு வந்ததை அள்ளி வருகிறாள். கவனக்குறைவா?

இல்லை. இருபது வரை சொல்வது அவளுக்கு இன்னும் பாட்டுதான். கடைசியில் சொன்ன எண்ணே மொத்தம் என்பது தனியாகப் பிடிபட வேண்டும். பல பிள்ளைகளுக்கு அது நாலு வயதை ஒட்டித்தான் வரும்.

சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் வேலையை அவளிடம் விடுங்கள். ஆளுக்கு ஒன்று. ஒன்று குறைந்தால் நீங்கள் சொல்லவே வேண்டாம், தட்டில்லாத மாமா சொல்லிவிடுவார். அப்புறம் புளியங்கொட்டையில் இரண்டு கேளுங்கள். தடுமாறாமல் கொடுத்தால் மூன்று. எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் இன்னும் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். திட்டாமல், "ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று கொட்டை" என்று நீங்களே முடித்துக் காட்டுங்கள்.

வேலந்தாவளம் தாத்தா ஒருவர்: பேரனுக்கு அங்கன்வாடியில் மலையாளம், வீட்டில் தமிழ். எண்ணும்போது குழம்ப மாட்டானா?

மாட்டான் ஐயா. ஒரு ஆட்டத்தை ஒரே மொழியில் முடியுங்கள், போதும்.

அங்கன்வாடி டீச்சர் ஒருவர்: ஐந்தைந்து சோழியாக இரண்டு வரிசை வைத்து, ஒரு வரிசையை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தால் "இதுதான் நிறைய" என்கிறார்கள்.

குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காட்டியது இதைத்தான். ஆறேழு வயதில் தானாகத் தெளியும். விளக்கம் சொல்லி மாளாது. இரண்டு வரிசையையும் எதிரெதிரே ஜோடி சேர்க்க விடுங்கள்.

மீனாட்சிபுரம் அம்மா ஒருவர்: பல்லாங்குழி உதவுமா?

நன்றாகவே. குழிக்கு ஒரு காயாகப் போட்டுக்கொண்டே போகும்போது கையும் எண்ணும் சேர்ந்து நகர்கிறது. பதினான்கு குழியும் முதலிலேயே வேண்டாம். ஒரு வரிசை ஏழு போதும். நாலு காய் சேர்ந்தால் "பசு" என்று எடுக்கும் முறையில் ஆடுங்கள். எண்ணாமல் பார்த்தவுடன் நாலு என்று அறியும் பழக்கம் அதில் வந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் காயே கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

அதே அம்மா: ஒர்க் ஷீட் வாங்கட்டுமா?

இப்போது வேண்டாம். அந்தக் காசுக்குத் தாயக்கட்டை வாங்குங்கள்.