இருநூறு மீன்குஞ்சு வேண்டாம், இருபது போதும்: புறவாசலில் அக்வாபோனிக்ஸ்

கேள்வி: நாங்குநேரிப் பக்கம் கிராமம். புறவாசலில் பத்துக்குப் பதினைந்து அடி இடம் சும்மா கிடக்கிறது. பழைய 1000 லிட்டர் ஐபிசி டேங்க் (கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் சதுரப் பிளாஸ்டிக் டேங்க்) ஒன்றை வாங்கி வெட்டி, கீழே 200 ஜிலேபி மீன்குஞ்சும் மேலே ஜல்லித் தொட்டியில் கீரை, தக்காளியும் போட்டு, மீன் தண்ணீரை மோட்டாரால் மேலே ஏற்றிச் செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் செய்யலாம் என்று நினைக்கிறோம். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. குழாயில் ஆற்றுத் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும். எங்கே தொடங்குவது?

பதில்: டேங்கில் எத்தனை மீன் கொள்ளும் என்று எண்ணுவதை முதலில் விடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடலாம் என்பதே கணக்கு. மீன் தின்ற தீனி அம்மோனியாவாக வெளியே வருகிறது. ஜல்லியில் ஒட்டி வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. அந்த நைட்ரேட்டைத்தான் செடி எடுக்கும். ஒரு சதுர மீட்டர் கீரைப் படுகை நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனியின் கழிவைத் தாங்கும். தக்காளி, கத்தரி என்றால் 50 முதல் 80 கிராம்.

உங்கள் டேங்கின் மேல் ஒரு அடியை வெட்டிக் கவிழ்த்தால் கிடைக்கும் தொட்டி சுமார் 1.2 சதுர மீட்டர். அதாவது நாளுக்கு 50, 60 கிராம் தீனி. நூறு கிராம் எடையுள்ள மீன் தன் எடையில் இரண்டரை, மூன்று சதவீதம் தின்னும். இருபது மீனுக்குக் கணக்கு சரியாகிவிடுகிறது. இருநூறு விட்டால் அரை கிலோ தீனி போக வேண்டும். அந்தக் கழிவைத் தாங்கப் பத்துத் தொட்டி வேண்டும். ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு இருநூறு விட்டால் மீன் நூறு கிராம் ஆகுமுன்பே செத்து மிதக்கும்.

பழைய டேங்கில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். பூச்சிமருந்தோ அமிலமோ இருந்தது என்றால் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். வெட்டிய அடிப்பாகம் 650 லிட்டர் பிடிக்கும். பிளாஸ்டிக் வழியே வெயில் உள்ளே போனால் பாசி பிடிக்கும். அதனால் வெளிப்பக்கம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட். கறுப்போடு நிறுத்தினால் சித்திரையில் தண்ணீர் கொதித்துவிடும்.

தொட்டியை டேங்கின் தலையில் ஏற்றாதீர்கள். 12 கன அடி முக்கால் இஞ்ச் ஜல்லி சுமார் அரை டன். தண்ணீர் நிறையும்போது இன்னும் 100 கிலோ. டேங்கை ஒட்டி இரண்டரை அடி உயரத்துக்குக் கல் கட்டி, கடப்பாக் கல் போட்டு அதன்மேல் வையுங்கள். (மொட்டை மாடி யோசனை இருந்தால் அதற்கும் இதே பாரம்தான் பதில்.)

ஜல்லியில் ஒரு கண்ணி இருக்கிறது. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. உங்கள் ஊர்ப் பக்கமும் சுக்கான்கல் கலந்து வரலாம். ஒரு கை ஜல்லியில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்தால் அந்த லோடு வேண்டாம். சுண்ணாம்பு கரைந்து பிஎச்சை (தண்ணீரின் அமில, கார அளவை) எட்டுக்கு மேலேயே நிறுத்திவைக்கும். அங்கே இரண்டு தொல்லை. செடிக்கு இரும்புச் சத்து ஏறாது. 30 டிகிரித் தண்ணீரில் பிஎச் ஏழிலிருந்து எட்டானால், அம்மோனியாவின் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நுரைக்காத கருங்கல் ஜல்லியைத் தூசி போகும்வரை அலசிப் போடுங்கள்.

தண்ணீர் ஏறி இறங்க வீடியோக்களில் காட்டும் மணி சைஃபன், அதாவது தொட்டி நிறைந்ததும் தானாகவே உறிஞ்சி வடிக்கும் குழாய், அழகான வேலைதான். ஆனால் வரத்துக் கொஞ்சம் குறைந்தாலும் அது கிளம்பாது, கூடினால் நிற்காது. புதியவருக்கு மோட்டாரில் ஒரு டைமர் போதும். தொட்டியின் நடுவே ஒரு இஞ்ச் பிவிசி குழாயை 23 செ.மீ. உயரத்துக்கு நிறுத்துங்கள். அதன் அடியில் 10 மி.மீ. துளை ஒன்று. ஜல்லி அடைக்காமலிருக்கச் சுற்றிலும், துளையிட்ட நாலு இஞ்ச் குழாய். மோட்டார் அரை மணி ஓடி அரை மணி நிற்கட்டும். ஓடும்போது நிறைந்து மிச்சம் குழாயின் வாய் வழியே திரும்பும். நின்றதும் துளை வழியே வடிந்து வேருக்குக் காற்று கிடைக்கும். ஜல்லியின் மேல் இரண்டு இஞ்ச் எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும். நனைந்தால் பாசியும் தண்டழுகலும் வரும்.

மோட்டார் மணிக்கு 1500 முதல் 2000 லிட்டர் என்று எழுதியதாக, குறைந்தது இரண்டு மீட்டர் ஏற்றக்கூடியதாக வாங்குங்கள். அட்டையில் உள்ள அளவு ஏற்றமில்லாமல் ஓடும்போது. நாலு அடி ஏற்றினால் பாதிதான் வரும். காற்றுப் பம்பு தனியாக, பேட்டரியோடு. கரண்ட் போவதை நிறுத்த முடியாது. விடிகாலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அறிகுறி.

இனி தண்ணீர். பத்து நிமிட வேலை: கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் போர் தண்ணீரைப் பாருங்கள். ஆயிரத்துக்குள் என்றால் பயமில்லை. இரண்டாயிரத்தைத் தாண்டினால் அதை மறந்துவிடுங்கள். ஆடிக் காற்றில் தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு தங்கும். நீங்கள் ஊற்ற ஊற்ற உப்புக் கூடிக்கொண்டே போகும். ஆற்றுத் தண்ணீர் நல்லது, ஆனால் குளோரின் பாக்டீரியாவையும் மீனையும் சேர்த்தே கொல்லும். திறந்த டிரம்மில் இரண்டு நாள் காற்றுப் பம்பு ஓடவிட்டு ஊற்றுங்கள். தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது என்பதால் சில மாதத்தில் பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கலாம். அப்போது ஒரு துணிப்பையில் கிளிஞ்சல் கட்டித் தொங்கவிடுங்கள். ஜல்லியில் வேண்டாம் என்ற சுண்ணாம்பு இங்கே மருந்து. வேண்டாதபோது பையை எடுத்துவிடலாம்.

மீன் விடும் முன் பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மீன் இல்லாமலே மோட்டாரை ஓடவிட்டு, 30 கிராம் மீன் தீனியைத் துணியில் கட்டித் தண்ணீரில் அழுகவிடுங்கள். அது கரைந்ததும் இன்னொரு முடிச்சு. வீட்டில் யூரியா இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். நம் நாட்டில் விற்பது வேப்பெண்ணெய் பூசிய யூரியா. அந்தப் பூச்சு எதற்கு? இதே பாக்டீரியாவின் வேலையைத் தாமதப்படுத்தத்தான். பரிசோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தெரிந்தால் மீன் விடலாம். கிட் வாங்கக் காசு இல்லையென்றால் மீனை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

என்ன மீன்? ஜிலேபி தாக்குப்பிடிக்கும். ஆனால் வளர்க்க அனுமதி தேவை. முதலில் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கத் தேளி தடை செய்யப்பட்டது, மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மணிமுத்தாறு அரசு மீன் பண்ணைப் பக்கம் கிடைக்கும் கட்லா, ரோகுக் குஞ்சுகள் குளத்துக்கானவை, 650 லிட்டரில் குறுகிப்போகும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்குப் பனையேறிக் கெண்டை பொருத்தம், தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். குதிக்கும், அதனால் வலை கட்டாயம்.

மிதக்கும் தீனியைப் பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். தவிடும் புண்ணாக்கும் தண்ணீரைக் கலக்கிவிடும். மீன் 250 கிராம் ஆகும்போது தீனி 75 முதல் 100 கிராமைத் தொடும். அப்போது சிலவற்றைக் குழம்புக்கு எடுங்கள், அல்லது கீரையை எடுத்துவிட்டுத் தக்காளி வையுங்கள். முதல் நாலு மாதம் தண்டுக்கீரை, பசலை, புதினா, பொன்னாங்கண்ணி மட்டும். தக்காளி அவசரம் வேண்டாம்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு. தீனியில் அது போதாது. ஆறு சதவீத ஈடிடிஎச்ஏ இரும்பு (செடி எடுக்கக்கூடிய வடிவில் விற்கும் இரும்புச் சத்து) 25 கிராமைக் கரைத்து ஊற்றுங்கள், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. தண்ணீர் சிவக்கும், மீனுக்கு ஆபத்தில்லை. பூச்சிக்கு மருந்தடிக்காதீர்கள், வேப்பெண்ணெயும் மீனுக்கு ஆகாது. புழுவைக் கையால் பொறுக்குங்கள்.

புரட்டாசியில் கட்டிவைத்தால் ஐப்பசி மழையை ஓடு, தகரக் கூரையிலிருந்து டிரம்மில் பிடிக்கலாம். அந்தத் தண்ணீரில் உப்பும் இல்லை, குளோரினும் இல்லை. முதல் மழையை மட்டும் வடியவிட்டுப் பிடியுங்கள், கார்த்திகைக் கடைசியில் குஞ்சு விடலாம்.