0 டிகிரி பேக்கிலும் முதுகு குளிர்கிறதா?

நண்பரே, சைக்கிள் பயணத்தில் வெளியே முகாமிட்டுத் தூங்கும்போது, 0 டிகிரி ஸ்லீப்பிங் பேக் இருந்தும் பின்னிரவில் முதுகும் இடுப்பும் விறைக்கின்றன, மைனஸ் 10 பேக் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள். சூடு தரை வழியாகப் போகிறது. படுத்ததும் உடல் எடையில் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிவிடும். காற்று தங்க இடமில்லாவிட்டால் அது வெறும் துணிதான். எவ்வளவு தடித்த பேக்காக இருந்தாலும் இதே கதிதான்.

நீங்கள் அடியில் விரிப்பதாகச் சொன்ன காற்றடைத்த மேட்டின் (படுக்கை விரிப்பு) ஆர்-மதிப்பு, அதாவது சூடு தரைக்குப் போகாமல் தடுக்கும் திறன், 1.5. அது கோடைக்குத்தான் சரி. உறைநிலையை ஒட்டிய இரவுக்கு 4-க்கு அருகிலாவது வேண்டும். நல்ல செய்தி, இந்த மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம்: ஆர் 2 உள்ள மடிப்பு ஃபோம் மேட்டைச் சேர்த்தால் 3.5. ஃபோம் தண்ணீர் குடிக்காது, அதனால் ஹேண்டில்பாரில் வெளியே கட்டிக்கொண்டே போகலாம்.

பேக்கின் லேபிளையும் பாருங்கள். அந்த 0 'கம்ஃபர்ட்' அளவா, 'லிமிட்' அளவா? லிமிட் என்றால், சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு அது. வசதியான தூக்கம் சுமார் 5 டிகிரிக்கு மேல்தான்.

மிதித்து வியர்த்த உடையோடு படுக்காதீர்கள், பனியனும் சாக்ஸும் உட்பட மாற்றுங்கள். மூக்கைப் பேக்குக்குள் நுழைக்காதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளே தங்கிவிடும். கெட்டியான திருகுமூடி பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, தலைகீழாகப் பிடித்துச் சோதித்து, சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வையுங்கள். சைக்கிள் பாட்டில் வேண்டாம், வாய்ப்பகுதி கசியும்.