மேற்படிப்பும் இரண்டு நோயாளிகளும் – கடிதம்

அன்புள்ள மேடம்,

பிஸியோதெரபி இளங்கலை முடித்து மூன்று வருடமாக ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். காலையில் போனால் ஹாட் பேக், ஐஎஃப்டி என்ற மின்சிகிச்சை, வலிக்கான அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை, அப்புறம் கையில் ஒரு உடற்பயிற்சித் தாள். ஒரு நாளைக்கு இருபது பேர். வீட்டில் எல்லோரும் முதுகலை படி, இல்லாவிட்டால் மதிப்பில்லை என்கிறார்கள். உடன் படித்த ஒருத்தி ஆர்த்தோ (எலும்பு, மூட்டு) எடுத்தாள், ஒருவன் ஸ்போர்ட்ஸ். அமெரிக்காவில் ‘டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி’ படித்தால்தான் உலகம் மதிக்கும் என்கிறான் இன்னொருவன். ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) படித்த தோழியோ, இதெல்லாம் படிப்பை நீட்டிக் காசு பறிக்கும் வேலை என்கிறாள். எந்தப் பிரிவு எடுப்பது, படித்தால் அப்படி என்னதான் மாறும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் ஒரே வாரத்தில் இரண்டு ஸ்ட்ரோக் நோயாளிகள் வந்தார்கள். கிட்டத்தட்ட ஒரே வயது, இருவருக்கும் வலது பக்கம். ஒரே பயிற்சிகளைத்தான் கொடுத்தேன். ஒருவர் மூன்று மாதத்தில் நடந்து போனார். மற்றவர் இன்னும் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இதற்கும் என் கேள்விக்கும் சம்பந்தமில்லை. ஏனோ எழுதத் தோன்றியது.

ம.

அன்புள்ள ம.,

சம்பந்தமில்லை என்று நீங்கள் ஒதுக்கிய அந்தப் பத்தியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பட்டத்தின் பெயரைப் பேசி முடித்துவிடுவோம். நம் தொழிலில் ஆட்கள் அதிகம் குழம்புவது அங்கேதான்.

உங்கள் நண்பர் சொல்லும் ‘டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி’, சுருக்கமாக டிபிடி, ஆராய்ச்சிப் பட்டம் அல்ல, சிறப்புப் பட்டமும் அல்ல. அமெரிக்காவில் ஒருவர் முதல் நோயாளியைத் தொடுவதற்கு வேண்டிய நுழைவுத் தகுதி அது, அவ்வளவுதான். அந்த நுழைவாயில் மேலே மேலே போன கதை வேடிக்கையானது. 1918-ல், போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களைப் பார்க்க அங்கே பெண்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து நேரே ராணுவ மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். பின்னர் சான்றிதழ் வந்தது, இளங்கலை வந்தது. 2002-லிருந்து இளங்கலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கிடையாது, முதுகலை வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே, 1993-ல், கிரைட்டன் பல்கலைக்கழகம் நுழைவு நிலையிலேயே டிபிடியைத் தொடங்கிவிட்டது. 2016 முதல் அது ஒன்றுதான் வழி. இளங்கலைக்கு மேல் பெரும்பாலும் மூன்று ஆண்டு. பிரிட்டனிலோ மூன்றாண்டு இளங்கலை முடித்தவர் பதிவு செய்துகொண்டு வார்டுக்குள் போய்விடலாம். இந்த இருவரும் முதல் நாள் காலையில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். பெயர்ப்பலகையின் நீளம் மட்டும் வேறு.

உங்கள் தோழி சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. அவருடைய துறையிலேயே அந்தச் சண்டை நடந்தது. அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபிக்கும் 2027-லிருந்து முனைவர் பட்டம்தான் நுழைவு என்று 2017-ல் அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 2019-ல் முதுகலையும் போதும், முனைவரும் இருக்கட்டும் என்று இறங்கி வந்தார்கள். பட்டத்தை உயர்த்தினால் நோயாளி கூடுதலாகத் தேறுவார் என்று யாராலும் காட்ட முடிந்திருந்தால், இப்படிப் பின்வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். மாணவர்களின் கடன் சுமை என்னவோ கூடத்தான் செய்தது.

இன்னொரு குழப்பம். முதுகலை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் இருக்கின்றன. உயிரியலோ விளையாட்டு அறிவியலோ படித்தவரை இரண்டு ஆண்டில் பிஸியோ ஆக்குவது ஒன்று. பிரிட்டனில் இப்படி நிறைய உண்டு. ஏற்கெனவே பிஸியோவாக இருப்பவரை ஒரு பிரிவில் ஆழமாகக் கொண்டுபோவது மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. விளம்பரத்தில் இந்த வித்தியாசத்தைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு நாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதுகலைப் பட்டம் உரிமத்துக்கு மாற்று ஆகாது. அமெரிக்காவில் உங்கள் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து மதிப்பிடுவார்கள், அதற்குப் பிறகு தேசியத் தேர்வு. பிரிட்டனில் ஹெச்சிபிசி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு. அங்கெல்லாம் அவர்கள் முதலில் தேடுவது இளங்கலையில் நீங்கள் என்ன படித்தீர்கள், எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு இருந்தீர்கள் என்பதைத்தான். அதனால் பழைய பாடத்திட்டப் புத்தகத்தையும் கிளினிக்கல் போஸ்டிங் பதிவேட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, படித்தால் என்ன மாறும்?

புதுப் புது டெக்னிக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். டெக்னிக் கற்க முதுகலை வேண்டாம், வார இறுதிப் பயிற்சி வகுப்புகளே போதும். முதல் பருவத்தில் ஒரு கேஸ் பிரசன்டேஷன் கொடுத்தேன். தோள் இறுகிப்போன ஒரு பெண், ஃப்ரோசன் ஷோல்டர். அல்ட்ராசவுண்ட், மூட்டுறையை இழுத்துத் தளர்த்தும் கேப்சுலர் ஸ்ட்ரெச்சிங், ஆறு வாரம். மூட்டு எவ்வளவு அசைகிறது என்று அளக்கும் கோனியோமீட்டரின் அளவுகளை வரிசையாகக் காட்டினேன். வெளிச்சுழற்சி பத்து டிகிரியிலிருந்து முப்பத்தைந்துக்கு வந்திருந்தது. நல்ல முன்னேற்றம் என்று முடித்தேன். ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: “நீங்கள் அந்த மெஷினை ஆன் பண்ணாமலே வைத்திருந்தால் எத்தனை டிகிரி வந்திருக்கும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பிரிட்டனில் சிலர் 1986-லேயே சோதித்துப் பார்த்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஞானப்பல் பிடுங்கியவர்களின் கன்னத்தில் அல்ட்ராசவுண்ட் தலையை வைத்துத் தேய்த்தார்கள். சிலருக்கு அளவைப் பூஜ்யத்தில் வைத்தே தேய்த்தார்கள். அவர்களுக்கும் வீக்கம் வடிந்தது, வாயும் திறந்தது. சிகிச்சையே பெறாதவர்களைவிட நன்றாகவே. தொட்டது, கவனித்தது, மெஷின் மேலிருந்த நம்பிக்கை எல்லாம் சேர்ந்து ஏதோ செய்திருந்தன. ஒலியலை மட்டும் காரணமில்லை. தோள் இறுக்கம் நாள்பட நாள்பட தானாகவே கொஞ்சம் தளரும் என்பதையும் அந்தப் பருவத்தில்தான் ஒழுங்காகப் படித்தேன். என் இருபத்தைந்து டிகிரியில் காலத்தின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை சொல்ல முடியாது.

நல்ல முதுகலைப் படிப்பு இந்தச் சங்கடத்தைத்தான் கற்றுத் தருகிறது. தேறியது என்பது ஒன்று, எதனால் தேறியது என்பது வேறொன்று. எலிசபெத் கென்னி என்ற ஆஸ்திரேலியச் செவிலியின் கதையை மாணவர்களுக்கு இதற்காகவே சொல்வேன். போலியோ வந்த பிள்ளைகளின் கைகால்களை மட்டையில் கட்டி அசையாமல் வைத்திருந்த காலம். கென்னி கட்டை அவிழ்த்து, சூடான கம்பளித் துணி சுற்றி, கைகாலை அசைக்கக் கற்றுக்கொடுத்தார். 1940-ல் அமெரிக்கா போனார், மினியாபோலிஸில் அவருடைய முறை காலூன்றியது. நோயைப் பற்றி அவர் சொன்ன விளக்கங்களை மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் மட்டை கட்டும் வழக்கம் போனது, அசைக்கும் வழக்கம் நிலைத்தது. விளக்கம் நிலைக்காமல் போயும் வேலை நிலைக்கலாம். தலைகீழாக, அழகான விளக்கம் இருந்தும் சிகிச்சை ஒன்றும் செய்யாமலிருக்கலாம். நம் துறையில் இந்த இரண்டாம் வகைக்குப் பஞ்சமில்லை.

ஆக, கல்லூரியைத் தேடும்போது பிரிவின் பெயரையும் கட்டடத்தையும் பார்த்து மயங்காதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, உங்கள் ஆசிரியர் கடைசியாக எப்போது நோயாளிக்குப் பக்கத்தில் நின்று உங்கள் கையைப் பார்த்தார் என்று கேளுங்கள். பதில் சொல்லும் முன் அவர் யோசித்தால் போதும், தெரிந்துவிடும். பிறகு நூலகத்தில் பழைய தீசிஸ்களில் மூன்றை எடுத்துப் புரட்டுங்கள். பதினைந்து பேருக்கு ஒரு டெக்னிக், பதினைந்து பேருக்கு இன்னொரு டெக்னிக், நான்கு வாரம், இரண்டு குழுவும் தேறின, இரண்டாவது சற்றுக் கூடுதலாக என்று மூன்றும் ஒரே அச்சில் இருந்தால், அங்கே நீங்கள் எழுதப்போவதும் நான்காவது அச்சுதான். (என்னுடையதும் அப்படி ஒன்றுதான். எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.)

ஒரே வளாகத்தில் ஆக்குபேஷனல் தெரபியும் பேச்சுப் பயிற்சித் துறையும் செயற்கை உறுப்புத் துறையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதுகலையில் நான் அதிகம் கற்றது ஒரு கட்டிலைச் சுற்றி நின்ற காலை நேரங்களில். நான் நோயாளியை எழுப்பி உட்கார வைத்து, முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பேச்சுப் பயிற்சியாளர் தொண்டையில் இரண்டு விரல் வைத்து, ஒரு ஸ்பூன் கெட்டியாக்கிய நீர் விழுங்கப்படுகிறதா என்று கவனிப்பார். நான் சாய்த்து உட்காரவைத்தால் அவருக்கு விரலடியில் புரையேறும் அறிகுறி கிடைக்கும், என்னை முறைப்பார். ஆக்குபேஷனல் தெரபிக்காரர் சட்டைப் பொத்தானோடு காத்திருப்பார். நான் உட்கார வைத்தது பயிற்சி என்று நினைத்திருந்தேன். அவர்கள் இருவருக்கும் அது வெறும் தயாரிப்பு. அந்த அடி எனக்குத் தேவைப்பட்டது.

பிரிவைப் பற்றி நீங்கள் முடிவு செய்யவில்லை என்கிறீர்கள். ஒரு நாளைக்கு இருபது பேர் என்றால் மூன்று வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்திருப்பீர்கள். சம்பந்தமில்லாமல் நினைவுக்கு வந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் ஸ்ட்ரோக். மூட்டுவலிக்காரர் ஒருவர்கூடக் கடிதத்தில் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நியூரோதான் (மூளை, நரம்பு) எடுப்பேன். ஆர்த்தோவில் வேலை சுலபமாகக் கிடைக்கும் என்பார்கள். பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டும் ஒரு தீசிஸும் உங்களைத் தூங்கவிடாத கேள்வியோடு கழிந்தால்தான் தாங்கும்.

இப்போது அந்த இருவர். உங்களைப்போலவே யோசித்தவர்கள் நெதர்லாந்தில் இருந்தார்கள். ஸ்ட்ரோக் வந்த 72 மணி நேரத்துக்குள் இரண்டே விஷயங்களைச் சோதித்தார்கள். கட்டிலின் ஓரத்தில் பிடிமானம் இல்லாமல் 30 விநாடி உட்கார முடிகிறதா? பாதிக்கப்பட்ட காலில் லேசான அசைவாவது இருக்கிறதா? 2011-ல் வெளியான முடிவின்படி, இரண்டும் இருந்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் ஆறு மாதத்தில் துணையின்றி நடந்தார்கள். இரண்டும் இல்லாதவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் நடந்தார்.

உங்கள் இரண்டு நோயாளிகளின் முதல் நாள் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். தசைவலு எண்ணை எழுதியிருப்பீர்கள். உட்கார்ந்தாரா என்று எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கும். எழுதாவிட்டால், நாளைக் காலை வரும் நோயாளியிடமிருந்து தொடங்குங்கள். ஒரு கடிகாரம் போதும். மீதிப் பாதி, உட்காரவும் முடியாமல் காலும் அசையாமல் இருந்தும் நடந்துவிட்ட அந்த நான்கில் ஒருவர் எதனால் நடந்தார் என்பது. விண்ணப்பத்தில் ஆராய்ச்சி விருப்பம் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் இதை எழுதுங்கள்.