மிளகளவு கரும்புள்ளிதானே என்று விடாதீர்கள்: கரண்ட் சுட்ட காயம், கேள்வி பதில்

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் கம்பெனிகளில் ரொம்ப வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, இப்போது வேலையாட்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

பர்கூரிலிருந்து: அண்ணா, பாலிஷ் மெஷினில் ஒருத்தர் ஷாக்கடித்து ஒட்டிக்கொண்டால் கட்டையால் தட்டிவிடலாமா?

முதலில் மெயின் சுவிட்சை இறக்குங்க தம்பி. கட்டை காய்ந்திருந்தால்தான் உதவும், உங்க ஷெட்டில் தரை, சுவர், செருப்பு எல்லாமே ஈரம். அவர் வேண்டுமென்று பிடித்துக்கொண்டிருக்கவில்லை, கரண்ட் தசையை இறுக்கிவிடுவதால் விரலைத் திறக்க முடியாது. நீங்க தொட்டால் நீங்களும் மாட்டுவீங்க. அதனால் மெயின் எங்கே இருக்கிறது என்று கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 11 கேவி (11,000 வோல்ட்) லைன் என்றால் கிட்டேயே போகாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்க.

ஓசூர் சிப்காட்டிலிருந்து: விரலில் சின்னதாகத்தான் சுட்டிருக்கிறது, வலியும் இல்லை. வேலைக்குப் போகலாமா?

வேண்டாங்க. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. எங்க ஷெட்டில் ஒரு பையனுக்கு 3 பேஸ் பேனலில் கை பட்டது, ஆள்காட்டி விரலில் மிளகளவு கரும்புள்ளி, அவ்வளவுதான். அவனே எழுந்து துணி சுற்றிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால் குதிகாலிலும் ஒரு பொத்தல், கரண்ட் அங்கேதான் வெளியேறியிருக்கிறது. சாயங்காலம் சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனது. உள்ளே தசை வெந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்தால் இப்படி ஆகும், சிறுநீரகம் கெடும். இதயத் துடிப்பும் தடுமாறலாம், அதை ஈசிஜி எடுத்தால்தான் பார்க்க முடியும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, போலுப்பள்ளியில் இருக்கிற கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது பக்கமோ அன்றைக்கே போய், கரண்ட் அடித்தது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்க.

பாலக்கோட்டிலிருந்து ஒரு அக்கா: மோட்டார் ஸ்டார்ட்டரில் பொறி பறந்து வீட்டுக்காரர் முழங்கை வெந்துவிட்டது, பேஸ்ட் தடவினேன். சரிதானா?

பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாங்க அக்கா. கரண்டை நிறுத்திய பிறகு குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். வீங்குவதற்கு முன்னாலேயே மோதிரம், வாட்ச், காப்பு கழற்றிவிடுங்க. கொப்புளத்தை உடைக்காமல், துவைத்த வேட்டித் துணியால் தளர்வாக மூடினால் போதும். முகத்தில் பொறி பட்டுக் குரல் கம்மினால் காத்திருக்கக் கூடாது, மூச்சுக்குழாய் வீங்கலாம்.

காவேரிப்பட்டணம் மாங்கூழ் கம்பெனி சூப்பர்வைசர்: மூச்சே இல்லையென்றால்?

அப்போது காயத்தை மறந்துவிடுங்க சார். ஒருத்தர் 108ஐக் கூப்பிட, இன்னொருத்தர் நெஞ்சு நடுவில் இரண்டு உள்ளங்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 செ.மீ.க்குக் குறையாமல், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஏணியிலிருந்து விழுந்தவர் என்றால் கழுத்தைத் திருப்பாதீங்க. கை ஓய்ந்தால் ஆள் மாற்றி அழுத்துங்க, வண்டி வரும்வரை நிறுத்த வேண்டாம்.