எட்வர்ட்ஸ் நோய்க்குறி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, 18ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிட்ட குழந்தைகளைப் பற்றியவை. இதைத்தான் எட்வர்ட்ஸ் நோய்க்குறி அல்லது 18ஆம் டிரைசோமி என்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருமுறை மட்டுமே பதில் தந்திருக்கிறேன்.

13ஆம் வாரத்தில் என் ரத்தத்தில் செய்த டபுள் மார்க்கர் பரிசோதனையில் 18ஆம் டிரைசோமிக்கு "1:60, அதிக அபாயம்" என்று வந்திருக்கிறது. கருவைக் கலைத்துவிடும்படி வீட்டில் நெருக்குகிறார்கள். (வாசகி, வில்லியனூர்)

இதே முடிவு வந்த 60 பேரில் ஒருவருக்குக் குறை இருக்கலாம், மற்ற 59 பேருக்கு இராது என்பதே அதன் பொருள். தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. இதைவிட நம்பகமானது என்றாலும் அதுவும் அபாயத்தை மட்டும் கணிக்கும் சல்லடைப் பரிசோதனைதான். 16 வாரம் ஆனபின் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தால் உறுதியாகச் சொல்ல முடியும். கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சான்றளித்தால் 24 வாரத்துக்குப் பின்னும் கருக்கலைப்புக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடம் தருகிறது. ஆகவே 13ஆம் வாரத்தில் யாரும் உங்களை அவசரப்படுத்தத் தேவையில்லை. கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணி, அமைப்பைப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கை கைக்கு வருமுன் எந்த முடிவும் வேண்டாம்.

என் பேரனுக்குக் குரோமோசோம் கோளாறு என்கிறார்கள். மருந்தில் குணமாகுமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

எந்தக் குரோமோசோம்? கூடுதலா, குறைவா? குழந்தைக்கு வயது என்ன? ஒன்றையும் எழுதாமல் மருந்து கேட்டால் நான் சோதிடம்தான் சொல்ல வேண்டும். எந்தக் குரோமோசோம் கோளாறையும் மருந்தால் நீக்க முடியாது. அதனால் வரும் தொல்லைகளுக்குச் சிகிச்சை உண்டு. எவற்றுக்கு என்று சொல்ல அறிக்கையின் எல்லாப் பக்கங்களும் வேண்டும்.

அத்தை மகனைத் திருமணம் செய்ததால்தான் இப்படிக் குழந்தை பிறந்தது என்று உறவினர்கள் பேசுகிறார்கள். எனக்கு வயது 24. (வாசகி, பண்ருட்டி)

முழு டிரைசோமி (எல்லா அணுக்களிலும் ஒரு முழுக் குரோமோசோம் கூடுதலாக இருப்பது) உறுதியாகியிருந்தால் சொந்தத்தில் மணந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. கருமுட்டை உருவாகும்போது ஒரு குரோமோசோம் இணை பிரியாமல் நின்றுவிடுவதே பெரும்பாலும் காரணம். அது உங்கள் உணவாலோ உழைப்பாலோ நேர்வதன்று. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பு உயரும் என்பது உண்மைதான். ஆனால் இளவயதிலும் நேர்கிறது. "முழு டிரைசோமி உறுதியாகியிருந்தால்" என்று நான் ஏன் எழுதினேன் என்பதை அடுத்த பதிலில் காணலாம்.

முதல் குழந்தை ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது. விரல்கள் மடங்கி, இதயத்தில் ஓட்டையும் இருந்ததால் "18ஆம் டிரைசோமியாக இருக்கும்" என்றார் மருத்துவர். ரத்தம் எதுவும் எடுத்து அனுப்பவில்லை. இப்போது மனைவிக்கு இரண்டாம் மாதம். மறுபடியும் வருமா? (வாசகர், குறிஞ்சிப்பாடி)

இந்தக் கடிதம் வேறு வேறு ஊர்ப் பெயர்களோடு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. உங்கள் மீதன்று, எப்படியும் பிழைக்காத குழந்தைக்குப் பரிசோதனை எதற்கு என்று கைகழுவிவிடும் வழக்கத்தின் மீது. பரிசோதனை அடுத்த குழந்தைக்காக, அந்தத் தாய்க்காக.

சுட்டுவிரல் நடுவிரல் மேலும், சுண்டுவிரல் மோதிரவிரல் மேலும் ஏறிப் படிந்திருக்கும் இறுகிய கை 18ஆம் டிரைசோமியைச் சுட்டும் அடையாளம்தான். ஆனால் கருவில் அசைவு குறைந்து மூட்டுகள் இறுகிப்போகும் வேறு சில நோய்களிலும் குழந்தை ஏறத்தாழ இதே தோற்றத்தோடு பிறக்கும். அவற்றுள் சில பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுப் பிழையால் ஆனவை; சொந்தத்தில் மணந்தவர்களிடம் கூடுதலாகக் காணப்படுபவை. முழு டிரைசோமி மறுபடி வர நூறில் ஒரு வாய்ப்பு. மரபணு நோயென்றால் நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோரில் ஒருவரிடம் குரோமோசோம் துண்டு இடம் மாறியிருந்தால் கணக்கு வேறு. இவற்றுள் எது என்று பிரித்துச் சொல்ல 2 மில்லி ரத்தம் போதுமானதாக இருந்தது.

இப்படிப்பட்ட குழந்தையோடு இப்போது மருத்துவமனையில் இருப்பவர்கள் கவனிக்கவும். கேரியோடைப்புக்குப் பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து) குழாய், டி.என்.ஏ.வைச் சேமிக்க ஊதா மூடிக் குழாய். இரண்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். பச்சைக் குழாயில் உள்ள அணுக்கள் உயிரோடு இருந்தால்தான் வளர்த்துப் பார்க்க முடியும் என்பதால் அதை உறைய வைக்கக் கூடாது, பனிக்கட்டியின் மேல் நேரே வைக்கவும் கூடாது. மாதிரி சென்னைக்குப் போவதானால் சனிக்கிழமை மாலை கூரியரில் போடாதீர்கள். ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடந்து வீணாகும். குழந்தை இறந்துவிட்டாலும் முதல் சில மணி நேரத்தில் ரத்தமோ சிறு தோல் துண்டோ எடுக்க முடியும். கேட்பதற்கு மனம் வராது என்பதை அறிவேன். அதனால்தான் இந்தப் பேச்சை மருத்துவரே எடுக்க வேண்டும் என்கிறேன்.

உங்களுக்கு: இருவரும் கேரியோடைப் செய்துகொள்ளுங்கள். குழந்தையின் ரத்தம் எந்த ஆய்வகத்திலாவது மீதமிருக்கிறதா என்று உடனே கேளுங்கள். 11 முதல் 13 வாரத்துக்குள் என்.டி. ஸ்கேனும் (கருவின் பின்கழுத்து நீரை அளப்பது), 18 முதல் 20 வாரத்துக்குள் அனாமலி ஸ்கேனும் (உறுப்புக் குறைகளைப் பார்ப்பது) செய்து, கைகளும் மூட்டுகளும் அசைகின்றனவா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தைக்கு நான்கு மாதம், மூக்குக்குழாய் வழியே பால். எத்தனை நாள் இருப்பாள் என்று ஒருவரும் சொல்வதில்லை. மூத்த மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். (வாசகி, அரியாங்குப்பம்)

நாள் குறித்துச் சொல்ல எவராலும் முடியாது. முழு டிரைசோமியுடன் பிறப்பவர்களில் பாதிப்பேர் முதல் இரண்டு வாரத்தைத் தாண்டுவதில்லை; பத்தில் ஒருவர் போல ஓராண்டைக் கடக்கிறார்கள். நான்கு மாதத்தைக் கடந்த குழந்தைக்கு அந்த முதல் கணக்கு பொருந்தாது. மூச்சு இடையிடையே நின்றுபோவதே பெரிய அச்சம். அப்போது வீட்டில் என்ன செய்வது, எதுவரை சிகிச்சை வேண்டும் என்பதை ஜிப்மரிலோ நீங்கள் காட்டும் மருத்துவமனையிலோ முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். இதய அறுவை சிகிச்சை சில குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது. கேட்கத் தயங்க வேண்டாம். தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். மூத்தவளிடம் "தங்கச்சிக்கு உடம்பு பலவீனம், டாக்டரால் முழுதாகச் சரிசெய்ய முடியாது, நீ செய்த எதுவும் இதற்குக் காரணமில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்பது போன்ற பொய்கள் பின்னால் பெருந்துன்பம் தரும். இரவு முறை வைத்து விழித்திருங்கள். தாய் ஒருத்தியே எல்லா இரவும் விழித்திருக்கும் வீட்டில் இரண்டு நோயாளிகள் உருவாகிறார்கள்.

ஃபோலிக் அமில மாத்திரை இதைத் தடுக்குமா? (வாசகி, சிதம்பரம்)

தடுக்காது. அது முதுகுத்தண்டுக் குறைபாடுகளைக் குறைக்கும். அதற்காகக் கருத்தரிக்கும் முன்பிருந்தே சாப்பிடுங்கள்.

கிரகணத்தன்று வெளியே போனேன்... (பலர்)

காரணமில்லை. அடுத்தமுறை இக்கேள்விக்குப் பதில் வராது.

இரண்டு நாளே இருந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவையா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

தேவை. ஒரு மணி நேரமே உயிரோடு இருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்திருந்தால் அவர்களே அனுப்பியிருப்பார்கள். அனுப்பினார்களா என்று விசாரித்து, இரு சான்றிதழ்களையும் கேரியோடைப் அறிக்கையோடு ஒரே கோப்பில் வையுங்கள்.