பி.யூ.சி.எல். என்ன செய்கிறது? அதுவும் அரசின் மனித உரிமை ஆணையமும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வேறு. தேசிய மனித உரிமை ஆணையம் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு அமைத்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் எனப்படும் பி.யூ.சி.எல். குடிமக்களே நடத்துவது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் ஜெயபிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பு அது.

இவர்கள் வேலையில் பாதி, உண்மை அறியும் குழு. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர், பேராசிரியர் என்று சிலர் நேரில் போவார்கள். குடும்பத்தாரிடம் பேசுவார்கள், காவல் நிலையத்திலும் கேட்பார்கள். எஃப்.ஐ.ஆரையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிடுவார்கள். அது தீர்ப்பல்ல, யாரையும் அழைத்து விசாரிக்கும் அதிகாரமும் இவர்களுக்கு இல்லை. ஆனால் பல நேரங்களில் அரசுத் தரப்புக்கு மாற்றாக எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

அப்புறம் பொதுநல வழக்குகள். தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு உச்ச நீதிமன்றம் 1996-இல் விதிமுறை வகுத்ததும், 2013-இல் நோட்டா வந்ததும் இவர்கள் தொடுத்த வழக்குகளில்தான். என் கணக்கில் பெரியது 2001-ஆம் ஆண்டின் உணவு உரிமை வழக்கு. அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்திருக்க, ராஜஸ்தானில் மக்கள் வறட்சியில் பட்டினி கிடந்தார்கள். அந்த வழக்கில்தான் நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரும்படி உத்தரவானது. (நமக்கு அது பழைய கதை, சரி.)

உங்களிடம் புகார் இருந்தால் ஆணையத்துக்கும் நேரடியாக எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் அவர்கள் விசாரிக்க முடியாது.